வானம் பார்த்த நாடும் ஏரி கட்டிய அரசும்

இணைச்சட்ட நூலின் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு புவியியல் பாடம் இருக்கிறது. திருப்பலியில் அந்த அதிகாரம் வாசிக்கப்படும்போதும் நாம் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் நுழையப்போகும் மக்களிடம் மோசே இரண்டு நாடுகளை ஒப்பிட்டுக் காட்டுகிறார். அவர்கள் விட்டுவந்த எகிப்தில் விதைத்தவன் தானே பாடுபட்டு, காய்கறித் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல நீர் பாய்ச்ச வேண்டும். அவர்கள் போகும் நாடோ மலையும் பள்ளத்தாக்குமான நாடு. அது வானத்து மழையைக் குடித்து விளைகிறது. எகிப்தில் ஆற்றைப் பார்த்து வாழ்ந்தவர்கள் இனி வானத்தைப் பார்த்து வாழ வேண்டும் என்பதே மோசே சொல்லும் செய்தி.

இந்த வேறுபாடு நிலத்தோடு நின்றுவிடவில்லை, ஆட்சி முறையையும் அது பாதித்தது. எகிப்தில் ஒரே பேராறு ஓடியது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதில் வெள்ளம் வந்தது. அதை அளக்கவும் பங்கிடவும் விளைந்ததைச் சேமிக்கவும் ஒரே பார்வோன் போதும். தொடக்க நூலில் யோசேப்பு நாடு முழுவதற்கும் களஞ்சியம் கட்ட முடிந்ததற்கு அந்த ஆற்றின் ஒழுங்கும் ஒரு காரணம். இஸ்ரயேலில் நைல் போன்ற ஆறு இல்லை. முன்மாரியும் பின்மாரியும் உண்டு, தவறினால் பஞ்சம் உண்டு. அதனால்தான் விவிலியம் முழுவதும் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் குளங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. அசீரியர் முற்றுகைக்கு அஞ்சிய எசேக்கியா அரசர் எருசலேமின் பாறைக்கு அடியில் 500 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குச் சுரங்க வாய்க்கால் வெட்டிய செய்தி 2 அரசர்கள் நூலில் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஏனாத்தூர், உத்திரமேரூர், வாலாஜாபாத், மதுராந்தகம் எனக் காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் சிறிது நேரத்தில் சாலை ஓர் ஏரிக்கரையை ஒட்டித் திரும்பும். கரையில் பனைமரங்கள், கரைக்கு அந்தப் பக்கம் நீர் அல்லது காய்ந்த களிமண், இந்தப் பக்கம் வயல். சிறிது தூரத்தில் அடுத்த ஏரி வந்துவிடும். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்தே இந்தப் பகுதியை 'ஏரி மாவட்டம்' என்றுதான் சொல்வார்கள். பழைய பெயர் தொண்டை மண்டலம். இங்கே ஒரு பேரரசு எழுந்தது. சிற்பக்கலையையும் கப்பல் வணிகத்தையும் கொண்டே பல்லவர்களை நினைவுகூர்வது நம் வழக்கம். அந்தச் சிற்பிகளும் மாலுமிகளும் உண்ட சோறு எந்தத் தண்ணீரில் விளைந்தது என்ற கேள்வியைப் பாடநூல்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

முதலில் இந்த நிலத்தின் தன்மையைப் பார்ப்போம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு மொத்தம் 348 கி.மீ. ஓடுகிறது. கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழகத்தில் 222 கி.மீ. வாலாஜாபாத் அருகே திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் அதில் சேர்கின்றன. கேட்பதற்குப் பெரிய ஆறாகத் தோன்றினாலும், ஆண்டின் பெரும்பகுதியில் இது வெறும் மணல் படுகைதான். சில நாட்கள் கரைபுரளும், பிறகு நீர் மணலுக்குள் இறங்கிவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றில் இவ்வளவு நீரா என்று பாலங்களில் கூட்டம் கூட்டமாக நின்று மக்கள் பார்த்தார்கள். காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த வியப்பு புரியாது!

மழையின் கதையும் இதுதான். ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,200 மி.மீ. பெய்கிறது, குறைவான மழை அல்ல. ஆனால் அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் சில நாட்களில், கொட்டித் தீர்த்துவிடும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே கடும்பாறை. பெய்த மழை ஊறுவதற்கும் நேரமில்லை, தங்குவதற்கும் பள்ளமில்லை. விட்டால் இரண்டு மூன்று நாட்களில் கடலில் கலந்துவிடும். பிறகு ஒன்பது மாதம் வெயில்.

இப்படிப்பட்ட நிலத்தில் பேரணை கட்டிப் பயனில்லை, தேக்கி வைக்க ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு வேண்டும். ஆழக் கிணறு தோண்டிப் பெருநிலம் விளைவிக்கவும் அந்தக் காலத்தில் வழியில்லை. ஏற்றத்திலும் கவலையிலும் இறைக்கும் நீர் சில குழி நிலத்துக்குத்தான் வரும். மீதமிருந்த வழி சரிவுக்குக் குறுக்கே மண்கரை போடுவது. பிறைநிலா வடிவில் மூன்று பக்கம் கரை, மேட்டுப்பக்கம் திறந்த வாய். மழைநீர் வரத்துக்கால் வழியே உள்ளே வரும். மதகு வழியே வயலுக்குப் போகும். நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படிச் சங்கிலிபோலப் பல ஏரிகள் கோத்துக்கிடக்கும். ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் மூலதனம். ஆற்றிலேயே மணலுக்கடியில் ஓடும் நீரையும் விடவில்லை. படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, சரிவைப் பயன்படுத்தி, இறைக்காமலேயே வயலுக்குக் கொண்டுவந்தார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இந்தப் பகுதி உழவர்கள் மூன்று பட்டம் சொல்வதற்கு இந்த ஏற்பாடே அடிப்படை.

பல்லவர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. இன்றைய தென்னேரியின் பழைய பெயர் திரையன் ஏரி. அந்தப் பெயர் பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையனை நினைவூட்டுகிறது. ஆனால் ஏரி கட்டுவதை அரசனின் கடமையாகவும் பெருமையாகவும் ஆக்கியவர்கள் பல்லவர்களே. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து கோயில் அமைத்தபோது, அங்கு வெட்டிய கல்வெட்டில் மகேந்திர தடாகம் என்ற ஏரியையும் சேர்த்தே குறிப்பிட்டான். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு கால்வாயையும் குறிக்கிறது. பெரும்பிடுகு என்பது பல்லவரின் பட்டப்பெயர். ஓர் அரசன் தன் பட்டத்தை வாய்க்காலுக்கு வைக்கிறான் என்றால், அவன் எதைப் பெரிதாக மதித்தான் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு இன்னும் சுவையானது. ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுக்கும்போது அதனோடு சேரும் நீருரிமைகளைப் பட்டியலிடுகிறது. செய்யாறு, வெஃகா (அதாவது வேகவதி), திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுபோகலாம். அந்த வாய்க்கால்களில் மற்றவர் குறுக்கே கிளை வெட்டினாலோ கூடையால் இறைத்தாலோ தண்டம் உண்டு. கூடைத் தண்ணீருக்குத் தண்டம்! ஒவ்வொரு சொட்டுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார் என்பது இதிலிருந்து தெரிகிறது. இதன் மறுபக்கத்தைப் பிறகு பார்ப்போம்.

நிலம் கொடுத்த மற்றொன்று கடல். பாலாறு வயலூர் அருகே கடலில் சேர்கிறது. அதற்கு வடக்கே மாமல்லபுரம், இன்னும் வடக்கே மயிலாப்பூர். மூன்றாம் நந்திவர்மனை மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாக நந்திக்கலம்பகம் புகழ்கிறது. புனித தோமாவின் நினைவோடு நாம் போற்றும் மயிலைக் கடற்கரை, பல்லவரின் கப்பல் துறையும்கூட. உள்நாட்டில் ஏரிப்பாசன நெல், காஞ்சியில் நெசவும் கல்விச்சாலைகளும், கடற்கரையில் துறைமுகம் என மூன்றும் ஒன்றிரண்டு நாள் நடை தூரத்தில் அமைந்திருந்தன. ஏறத்தாழ 640-இல் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் வளமான நாட்டையும் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களையும் கண்டதாக எழுதினார்.

கொடுத்த அதே நிலம் ஒன்றை மறுத்தது. வடக்கிலும் மேற்கிலும் படை நுழையாமல் தடுக்க உயர்ந்த மலைத்தொடர் இல்லை. பாலாற்றுப் பள்ளத்தாக்கே மேற்கிலிருந்து வருபவனுக்கு ராஜபாட்டை. சாளுக்கிய இரண்டாம் புலிகேசி காஞ்சிக்கு அருகே புள்ளலூர் வரை வந்துவிட்டான். மறுமுறை வந்தபோது மணிமங்கலத்தில் நரசிம்மவர்மன் அவனைத் தோற்கடித்து, 642-இல் வாதாபியையே பிடித்தான். பின்னர் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழன் முதலாம் ஆதித்தன் அபராஜிதனை வென்றதோடு தொண்டை மண்டலம் சோழர் கைக்கு வந்தது. 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனிடம் சோழ இளவரசன் ராஜாதித்தன் உயிர் இழந்தான். திறந்த சமவெளியில் அரசுகள் வருவதும் போவதும் எளிது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. அரசுகள் மாறின, ஏரிகள் நின்றன. எப்படி?

ஏரி ஒருமுறை கட்டிவிட்டால் முடியும் வேலை அல்ல. ஒவ்வொரு மழைக்கும் வண்டல் வந்து படியும். ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். கரையில் எலிவளை விழுந்தாலும் நண்டு துளைத்தாலும் அடைக்க வேண்டும். நள்ளிரவில் மழை கொட்டும்போது கலங்கலை யாராவது பார்க்க வேண்டும். மதகை எப்போது திறப்பது, எவன் வயலுக்கு முதலில், கடைமடைக்காரனுக்கு எவ்வளவு என்பதை அந்த ஊரே தீர்மானிக்க வேண்டும். ஒரு நைல் ஆற்றை ஒரு பார்வோன் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான மண்கரைகளைக் காஞ்சியில் அமர்ந்திருக்கும் அரசன் எப்படிப் பார்த்துக்கொள்வான்? முடியாது. ஊரிடம் விட்டுத்தான் ஆக வேண்டும். நிலத்தின் அமைப்பே அதிகாரத்தைக் கீழே இறக்கியது.

இதற்கு உத்திரமேரூரைவிடச் சிறந்த சான்று இல்லை. 8-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் அமைந்த ஊர் இது. அந்த நந்திவர்மனே சுவையான மனிதர்தான். முன்னவர் வாரிசின்றி இறந்தபோது, கிளை மரபிலிருந்து ஏறத்தாழ 12 வயதுச் சிறுவனாகத் தேடிக் கொண்டுவரப்பட்டு அரசராக்கப்பட்டவர். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கதை சிற்பமாக இருக்கிறது. உத்திரமேரூரின் பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். அதன் தூர் வாருவதற்கும் கரை காப்பதற்கும் நிலமும் பொன்னும் ஒதுக்கியதை அவ்வூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஏரிக்கென்று தண்டிய வரிக்கு ஏரி ஆயம் என்று பெயர். பல்லவர் காலக் கல்வெட்டு, சோழர் காலக் கல்வெட்டு, இடையில் படையெடுத்து வந்த ராஷ்டிரகூடர் காலக் கல்வெட்டு என எல்லாமே அந்த ஓர் ஊரில் உண்டு. அரசன் பெயர் மாறுகிறது. சபை கூடுவது மாறவில்லை.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும், அந்தச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டியது. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் விவரங்களை ஒருமுறை மெதுவாகப் பார்ப்பது நல்லது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்கும் சபையில், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். மறைத்து மாற்ற இடமில்லை! இப்படி வருபவர்களிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

யார் நிற்கலாம் என்பதைவிட யார் நிற்கக்கூடாது என்ற பகுதியே என்னை அதிகம் கவர்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக்கூடாது. உறவுமுறைகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவனுக்கும் வாய்ப்பில்லை. 919-இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை என்றிருந்தது. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று திருத்தினார்கள். முதல் விதியில் ஏதோ குறை கண்டிருக்கிறார்கள், கூடிப் பேசி மாற்றியிருக்கிறார்கள். பங்குப் பேரவைத் தேர்தல்களில் நாம் படும் பாட்டை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் நிலமே தீர்மானித்தது என்று இதனால் சொல்லிவிட முடியுமா? முடியாது. வற்றாத ஆறு ஓடிய காவிரிச் சமவெளியிலும் சபைகள் இருந்தன. ஏரிகள் நிறைந்த வேறு வறண்ட பகுதிகளில் இவ்வளவு விரிவான விதிகள் கல்லில் கிடைக்கவில்லை. நிலம் ஒரு கேள்வியை முன்வைக்கிறது, பதில் மனிதர்களுடையது என்று எடுத்துக்கொள்வதே சரியாக இருக்கும்.

ஆப்பிரிக்காவில் நம் திருச்சபை வரலாற்றோடு தொடர்புடைய ஓர் அரசு இதைத் தெளிவாக்கும். இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கில், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான பீடபூமியில் அக்சும் அரசு இருந்தது. உயரத்தால் வெயில் தணிந்தது, ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை கிடைத்தது, கீழே செங்கடற்கரையில் அதூலிஸ் துறைமுகம் இருந்தது. தந்தமும் பொன்னும் இறங்கின, உரோமை நாட்டுப் பொருளும் இந்தியப் பொருளும் ஏறின. அந்தக் கடல்வழியாகவே நற்செய்தியும் ஏறியது. கடற்பயணத்தில் பிடிபட்டு அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர் புரூமென்சியுவைப் பின்னர் அலெக்சாந்திரியாவில் புனித அத்தனாசியு ஆயராகத் திருநிலைப்படுத்தினார். 4-ஆம் நூற்றாண்டில் எசானா அரசர் கிறிஸ்தவரானார், தம் நாணயங்களில் சிலுவையைப் பொறித்தார். பிறகு 7-ஆம் நூற்றாண்டில் செங்கடல் வணிகம் கைமாறியது. சரிவுகளில் காடழிந்து மண் கரைந்தது, மழையும் மாறியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தலைநகர் தேய்ந்தது, அரசின் மையம் தெற்கே நகர்ந்தது. ஆனால் விசுவாசம் அதே மலைகளால் பாதுகாக்கப்பட்டு இன்றுவரை நிற்கிறது. உயர்த்திய மலையே ஒதுக்கியும் வைத்தது, ஒதுக்கியதே காத்தது.

தொண்டை மண்டலத்துக்கே திரும்புவோம். கூடைத் தண்ணீருக்குத் தண்டம் என்று பார்த்தோமே, அதன் மறுபக்கத்தைப் பேசாமல் உத்திரமேரூரைப் புகழ்வது நேர்மையாகாது. குடத்தில் பெயர் இட வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அதாவது நிலமுடைய பிராமண ஆண்கள் மட்டும். ஏரியில் இறங்கி வண்டல் சுமந்தவர், கரையை மிதித்து இறுக்கியவர், இரவில் மதகுக் கல்லைப் பிடித்துத் திறந்தவர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. நீர்க்கட்டி என்றும் கம்புக்கட்டி என்றும் ஊர்கள் அழைக்கும் அந்தப் பணியாளர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு தவறில்லாமல் ஊர் முழுவதற்கும் நீர் பங்கிட்டவர்கள். ஆனால் அந்த நீரில் அவர்களுக்கென்று ஒரு வயலும் இருக்காது. ஊர்க் கிணற்றில் குடம் வைக்கவும் விடமாட்டார்கள்.

யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தை நம் சேரிகளில் வாசிக்கும்போது வேறு ஊரில் கிடைக்காத ஓர் அமைதி ஏற்படும் என்பார்கள். யாக்கோபின் கிணற்றருகே ஒரு யூதர் சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் திகைத்துப்போகிறாள். யார் பாத்திரத்தில் யார் குடிப்பது என்ற பேச்சை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் ஏரிகள் வறண்டபோது முதலில் இறந்தவர்கள் நிலமற்ற இந்த உழைப்பாளிகளே. ஆற்காட்டுப் பகுதியில் பலர் மறைப்பணித் தளங்களைத் தேடி வந்தது அந்தக் காலத்தில்தான். சேத்துப்பட்டில் பணியாற்றிய பிரெஞ்சு மறைப்பணியாளர் தாராஸ் அடிகளாரை முதியோர் இன்றும் நினைவுகூர்வார்கள். 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் இவ்வட்டாரப் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே அவர்கள் அடிமைநிலைக்கு வேர் என்று அதில் காட்டினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்ததே பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்களை வேறு பிரிவினர் வாங்கக்கூடாது என்பது விதி. ஆனாலும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். அதே 1994-இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிச் சட்டம் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் இட ஒதுக்கீடு செய்தது. குடவோலைக்கும் இந்த ஒதுக்கீட்டுக்கும் இடையே ஆயிரத்து எழுபத்தைந்து ஆண்டுகள்.

இனி ஏரிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். 1763-இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். ஐதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாகி, ஏரிகள் உடைந்து கிடந்தன. 1790-களின் பிற்பகுதியில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் பல ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் கம்பெனி ஆட்சியில் வருவாய் முழுவதும் கருவூலத்துக்குப் போனது, ஏரிப்பட்டி போன்ற ஊர் ஏற்பாடுகள் தேய்ந்தன. குடிமராமத்து என்ற பெயரில் உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்டார்கள். முடிவெடுக்கும் உரிமையை ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டு, மண் சுமக்கும் கடமையை மட்டும் விட்டுவைத்தால் எத்தனை நாள் நடக்கும்? விடுதலைக்குப் பின்னும் பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தன. மின்மோட்டார் வந்தது. வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினார். ஏரி பொதுச்சொத்து என்பது போய், யாருக்கும் சொந்தமில்லாத சொத்து என்றாயிற்று. வரத்துக்கால்களில் வீட்டுமனைக் கற்கள் முளைத்தன. பாலாற்று மணல் லாரிகளில் போனது. மணல் போனபின் ஊற்றுக்கால்கள் வறண்டன. மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கடுமையான தீர்ப்பு தந்தது.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கண்ணால் பார்த்தோம். வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போக வழியில்லை, தெருவுக்கு வந்தது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், சென்னை குடிநீருக்குத் தவித்தது. அதே மழைநாடு, அதே சரிவு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று எழுதியது வெள்ளம் வந்த அதே ஆண்டில்தான். தொடக்க நூல் 26-இல் ஆபிரகாமின் பணியாளர்கள் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்போட்டு மூடிவிடுகிறார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டுகிறார், தந்தை வைத்த பழைய பெயர்களையே வைக்கிறார். புதிதாகத் தோண்டிய கிணறுகளுக்கும் சண்டை வருகிறது, விட்டுக்கொடுத்து நகர்ந்து மறுபடி தோண்டுகிறார். தூர் வாருவதற்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் விவிலியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அரசின் குடிமராமத்துத் திட்டத்தில் 2017 முதல் பல ஏரிகளில் மண் எடுத்தார்கள். சில ஊர்களில் நன்றாக நடந்தது, சில ஊர்களில் மண் வியாபாரமாயிற்று. எந்த ஊரில் கணக்கை ஊர் கேட்டதோ அந்த ஊரில் நன்றாக நடந்தது என்பது என் கணிப்பு.

மதுராந்தகத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையில் இன்னும் உயிரோடு இருக்கும் ஓர் ஏரி உண்டு. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல் 30 ஹெக்டேர் அளவுள்ள ஏரிதான். பறவைகள் அங்கே கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் கலந்து உரமாகும். அந்த நீர் பாயும் வயலுக்குத் தனி உரம் அவ்வளவாக வேண்டாம் என்பதை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். கம்பெனிப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் ஆட்சியர் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உரிமைச் சீட்டு வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-இல் சரணாலயம் ஆனது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் அதைக் காத்துவந்தது. தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் கடம்ப மரங்களில் வந்து இறங்குகின்றன, மதகுக்குக் கீழே சம்பா நெல் நிற்கிறது.